உத்தரவில் ஒரு வார்த்தை

"பிஹெஸ்ட்னா என்னக்கா அர்த்தம்?"

மாற்றல் உத்தரவை நீட்டினான் அவன். தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவில் ஆறு வருடமாகக் குப்பிகளோடு மல்லுக்கட்டுகிறவன். தட்டச்சு அக்கா காகிதத்தை வாங்கக்கூட இல்லை. அடித்தவளே அவள்தானே.

"கட்டளைன்னு அர்த்தம். ஆர்டர்னு போட்டா நம்ம டைரக்டருக்குப் பத்தாது. எங்கேயிருந்தாவது ஒரு வார்த்தையைத் தோண்டி எடுத்துட்டு வந்துடுவாரு."

"அப்ப இது டைரக்டரோட கட்டளையா?"

"இல்லப்பா. அந்த வார்த்தை தனியா வராது. இன்னாரோட பிஹெஸ்ட்னு ஆளையும் கையோட கூட்டிக்கிட்டுதான் வரும். அவங்க சொல்லித்தான், அவங்க வற்புறுத்தித்தான் நடந்துச்சுன்னு அர்த்தம். பக்கத்துல யாரு பேரு இருக்கு, பாரு."

பார்த்தான். சீனியர் அனலிஸ்ட். அவனுக்கு அடுத்த மேஜைக்காரி.

"திங்கக்கிழமையிலேர்ந்து உனக்கு மாடியில, மண் பரிசோதனைப் பிரிவு" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஆறு வருடத்தில் அந்த மேஜைக்காரி அவனை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. போன வாரம் அவன் இரண்டு குடுவைகளை உடைத்தபோதுகூட, துடைப்பத்தை எடுத்து வந்து கூடவே கூட்டினாள். ஆனால் ஒரு மாதமாகவே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது புரிந்தது.

நேராக அவள் மேஜைக்குப் போனான். அவள் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வேலையில என்ன குறை மேடம்?"

"குறையா? ஒண்ணுமில்லையே."

"பின்ன ஏன் என்னைத் தூக்கியடிக்கச் சொன்னீங்க?"

"அடிக்கச் சொல்லல, மாத்தச் சொன்னேன். மூணு தடவை எழுதிக் கேட்டும் நடக்கல. கடைசியில டைரக்டர் ரூம்ல போய் நின்னு வாங்கினேன்."

"அந்த அளவுக்கு என்னைப் பிடிக்காம போயிடுச்சா?"

குப்பியை நிதானமாகத் தாங்கியில் செருகிவிட்டு அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே பிரிவுல புருஷனும் பொண்டாட்டியும் வேலை பார்க்கக் கூடாதுன்னு இங்க ஒரு ரூல் இருக்கு" என்றாள். "போன மாசம் நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, அதுக்குப் பதில்தான் உங்க கையில இருக்கு."