அசையாத கிளை

“தம்பி, கடைசிக் கிளையோட படம் உறைஞ்சு போச்சு!” நேரலையை ஓட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியனின் காதைக் கடித்தார் முதலாளியின் பி.ஏ.

ஆண்டு விழா. மேடைத் திரையில் மற்ற கிளைக்காரர்கள் சிரித்தார்கள், கை அசைத்தார்கள். இன்டர்நெட் நொண்டியடிக்கும் அந்தக் கடைசிக் கிளையில் மட்டும் ஒன்பது பேர் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தார்கள்.

“சிறந்த கிளைன்னு அவங்களத்தான் அறிவிக்கப் போறாரு. என் மானத்தக் காப்பாத்துப்பா!”

டெக்னீஷியன் இணைப்பைத் துண்டித்து மறுபடி கொடுத்தான். அதே ஒன்பது பேர், அதே இருப்பு.

முதலாளி விருதை அறிவித்தார். அரங்கமே அதிர்ந்தது. திரையில் ஒருவர்கூடக் கண் சிமிட்டவில்லை. முதலாளியின் முகம் சுருங்கியது.

அவன் பதறிப்போய் அந்தக் கிளைக்குப் போன் போட்டான். கணக்காளர் அம்மா எடுத்தார்.

“மேடம், உங்க படம் நின்னு போச்சு!”

“இல்லையே சார், நல்லாத்தான் போகுது. எனக்குத் தும்மல். அதனால என்னை மட்டும் கேமராவுக்கு வெளிய தள்ளிட்டாங்க.”

“அப்புறம் ஏன் யாருமே அசையல?”

“நீங்கதானே நேத்து சொன்னீங்க? ‘உங்க லைன் தாங்காது, ரொம்ப ஆடினா படம் நின்னுடும்’னு. பாவம், மேனேஜர் கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்காம உக்காந்திருக்காரு. இப்பவாவது கை தட்டலாமா சார்?”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “தட்டுங்க மேடம், தட்டுங்க!”

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள். எகிறிக் குதித்த மேனேஜர் அந்தரத்திலேயே நின்றார். படம் இப்போதுதான் நிஜமாகவே உறைந்திருந்தது.

முதலாளி திரையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

“ஆங்... இப்ப சரியாயிடுச்சு!”