ஈரம் காயாத சுவர்

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லியும் ஹனீஃபா பள்ளிவாசலுக்குக் கிளம்பவில்லை. கூடத்துச் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றார்.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த வருஷத்து அடைமழை ஒருவழியாக ஓய்ந்து, திருச்சியில் வெயில் அடிக்க ஆரம்பித்திருந்தது. வீட்டில் மற்ற சுவர்களெல்லாம் காய்ந்துவிட்டன. இந்த ஒரு சுவரில் மட்டும், கட்டில் உயரத்துக்கு, கறுப்பும் பச்சையுமாகப் பூசணம்.

துடைப்பத்தால் தேய்த்துப் பார்த்தார். உறையூர்ச் சுண்ணாம்பில் உப்புப் போட்டுக் கரைத்து அடித்தார். கரியடுப்பைச் சுவரோரம் வைத்துச் சூடு காட்டினார்.

எதற்கும் அது மசியவில்லை.

மனைவி நசீராவுக்கு இழுப்பு. பூசண வாடை பட்டாலே மூச்சு வாங்கும். அதனால் பாயையும், ஹனீஃபா விடியற்காலையில் உட்கார்ந்து ஓதும் குரானையும், அதை வைக்கும் மடக்குப் பலகையையும் போன வாரமே வாசல் அறைக்கு மாற்றியாகிவிட்டது.

ஓடு ஒழுகவில்லை. மழையும் இல்லை. பிறகு தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது? யோசித்து யோசித்து அவருக்குத் தலை சுற்றியது.

ஒன்று மட்டும் பிடிபட்டது. அவர் தொழுதுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் சுவர் புதிதாக நனைந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சேக் மைதீன் வீடு. அத்தா மௌத்தாகி அடக்கமான பிறகு, ஒரே கூடத்தை இரண்டாக்க அவசரமாக எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர் அது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. என் காது கேட்க அவர் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று ஹனீஃபா தெருவுக்கே சொல்லிவைத்திருந்தார். நசீராகூட எடுப்பதில்லை.

மழை தொடங்கியதிலிருந்து அண்ணன் பள்ளிவாசலில் தென்படவில்லை. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வேறு பள்ளிக்குப் போகிறார் போலிருக்கிறது என்று ஹனீஃபா நினைத்திருந்தார்.

வேறு பள்ளியாவது ஒன்றாவது. தம்பி தொழப் போகிற நேரம் பார்த்து மனுஷன் சுவரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

அப்படியும் நம்ப முடியவில்லை. அண்ணன் கோபக்காரர்தான், ஆனால் இப்படிச் சில்லறை வேலை பார்க்கிறவர் இல்லையே.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சளக்கென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஹனீஃபாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சுண்ணாம்புக் கையோடு வாசலுக்குப் பாய்ந்தார்.

"சண்டை போடாதீங்க. கேட்டுட்டு மட்டும் வாங்க," என்றாள் நசீரா.

அண்ணன் வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

கட்டிலில் சேக் மைதீன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் போர்வைக்குள் அசையாமல் கிடந்தன. அண்ணி செம்பைச் சாய்க்க, அவர் தொழுகைக்காக நடுங்கும் கையால் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீர் கீழே பிடித்திருந்த தாம்பாளத்தில் விழுந்தது. மீதி சுவரில் தெறித்து வழிந்தது.

தொழுகை முடிக்காமல் பேசக்கூடாது என்பதுபோல அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஹனீஃபா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

கூடம் முழுக்க இடம் கிடந்தது. கட்டிலை மட்டும் அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

அண்ணி செம்போடு எழுந்துவந்து தணிந்த குரலில் சொன்னாள்: "சுவரு நனையுதுன்னு தெரியும் தம்பி. கட்டில நகத்த விட மாட்டேங்குறாரு. நீங்க காலையில ஓதுறது இங்கதான் கேக்குமாம். ஒரு வாரமா கேக்கலையே, தம்பிக்கு உடம்புக்கு என்னமோன்னு என்னைத் தூங்க விடல."

ஹனீஃபா வெளியே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையைக் கழுவினார். தொழப்போகிறவர்போல முகம், கால் கழுவி ஒளு செய்தார்.

குரானையும் பலகையையும் தூக்கிக்கொண்டு ஹனீஃபா கூடத்துக்கு வந்தார். பூசணம் பூத்த சுவரை ஒட்டி உட்கார்ந்தார்.

அவர் ஓதுகிற வேளை அதுவல்ல. ஆனாலும், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சத்தமாக ஓத ஆரம்பித்தார்.