யார் பேர் இருந்தால் என்ன

“டீம் வேலைதானே மெர்லின், யார் பேர் இருந்தா என்ன?”

“அப்ப என் பேரே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாமே!”

எதிர்வீட்டு மெர்லினும் அவளுக்கு நிச்சயித்த ஜெபசிங்கும் கத்தினார்கள். சரியாகக் கேட்கவில்லை என்று குக்கரை அணைத்தேன். கோடிக்கணக்கான மனிதர்களின் தொடர்புகளைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கிட்டு அலச, விவரங்களை எப்படி உள்ளே கொடுப்பது என்று எட்டு மாதம் மண்டையை உடைத்து அவள் வடிவமைத்திருந்தாள்: வரிக்கு ஒரு ஆள், பக்கத்தில் அவருக்குப் பழக்கமானவர்கள். அதை அவன் தன் பெயரில் ஆபீஸில் கொடுத்துவிட்டான்.

“மேல பேரை மாத்தினியே, மாதிரிக்கு நான் போட்ட எங்க தெரு ஆளுங்க உள்ள அப்படியே இருக்காங்களே!” இருப்பதிலேயே நீளமான வரி என்னுடையதாம்.

தையில் அவன் மேனேஜர் மகளைக் கட்டிக்கொண்டான். புனேக்குப் போய்விட்ட மெர்லினிடம் போனில் அந்தக் கல்யாணப் பேச்சை எடுத்தேன்.

“அத விடுங்கக்கா. என் டிசைன் நல்லா ஓடுதாமா?” என்றாள்.