முதல் சொல்

இப்போது ஒரு மூச்சு விட்டிருப்பான். இப்போது இன்னொன்று.

மேடையின் ஓரத்தில் நின்றபடி கேத்தம்மா தம்பியோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று பட்டது.

ஜடையன் நான்கு தெரு தள்ளி, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கிடந்தான். பொம்மனஹள்ளியில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து ஐந்து நாள். மெஷின்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இங்கே முன்வரிசையில் இருக்கும் நன்கொடையாளர்கள் இன்று முடிவு சொல்லிவிடுவார்கள். மலைச்சனத்தின் குழுவுக்கு அவர்கள் கைகொடுத்தால், காட்டிலிருந்து கீழே இறக்கிவிட்டதை எதிர்த்துப் போட்ட வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம். வழக்கு ஜெயித்தால் மேலே திரும்பலாம். மேலேயே இருந்திருந்தால் ஜடையன் எதற்குச் சாரத்தில் ஏறப்போகிறான்?

அவள் குழுவின் தலைவி. அப்படித்தான் பேனரில் போட்டிருந்தது. பக்கத்தில் அவள் படம்: கண் மூடி, வாய் திறந்து, கன்னத்தில் ஒரு சொட்டு.

கூட்டத்தை நடத்தும் டிரஸ்டின் இயக்குநர் சுதீர் வேகமாக வந்தார்.

"அக்கா, ரெடியா? நம்ம பாட்டோட ஆரம்பிச்சிடலாம். போன வருஷம் அழுதாங்களே ஒரு மேடம், இந்தத் தடவை ரெண்டு கர்ச்சீப்போட வந்திருக்காங்க."

"பாட்டு வேணாம் சார். பேசறேன். எவ்ளோ நேரம் வேணா பேசறேன்."

அவர் சிரித்தார். "பேசறதுக்குத்தான் நாங்க இருக்கோமே அக்கா."

நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்ததே அவர் போன் போட்டதால்தான். அதனால்தான் அவரை மறுத்துப் பேச அவளால் முடியவில்லை.

ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள் இருந்தது. டிரஸ்டில் வேலை செய்யும் ஷ்ரேயா எழுதியது. 'வீடு திரும்பும் பாட்டு. ஓடை, பாறை, அத்திமரம் என்று காட்டுக்குள் போகும் வழியைச் சொல்வது. ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு பறவையைப் பெயர் சொல்லி அழைத்துத் தொடங்கும்.'

வழியைப் பற்றி எழுதியிருந்தது சரிதான். அதைக் கேத்தம்மாதான் சொல்லியிருந்தாள். பறவை, ஷ்ரேயாவாக நினைத்துக்கொண்டது. அவள் திருத்தவில்லை.

சுதீர் மைக்கை அவள் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். விளக்கு அவள் மேல் விழுந்தது. அரங்கம் அடங்கியது.

ஆறு வருடத்துக்கு முன்பு, முதல் தடவை இதே இடத்தில் நின்றபோது, அம்மா செத்து எட்டு நாள் ஆகியிருந்தது. மலையடிவார காலனியில் செத்தாள். மேலே, மூத்தவர்களைப் புதைத்த பாறைக்குக் கொண்டுபோகக் காவலுக்கு இருந்தவர்கள் விடவில்லை. ரோட்டோரத்தில் புதைத்தார்கள். அங்கே பாட யாருக்கும் வாய் வரவில்லை.

வழி சொல்லி அனுப்பாவிட்டால் செத்தவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

உங்க சனத்தோட பாட்டு ஒண்ணு பாடுங்க என்று யாரோ கேட்டார்கள். அவள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் ஓடையில் தண்ணி குடி, பாறையில் உட்கார், அத்திமரத்தில் திரும்பு என்று கடைசி வரைக்கும் சொன்னாள்.

எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் பெரியப்பா. அதற்கடுத்து, மாமன் மகள். காலனியில் ஆட்கள் சீக்கிரம் போனார்கள். எந்த வருடமும் பெயருக்குக் குறைவிருக்கவில்லை.

செத்தவர் பெயர் இல்லாமல் அந்தப் பாட்டைத் தொடங்க முடியாது. சும்மா முணுமுணுத்ததற்கே, சின்னப் பையனாக இருந்த ஜடையனை அம்மா வாயிலேயே அறைந்திருக்கிறாள்.

போன கூட்டத்துக்குப் பிறகு காலனியில் யாரும் சாகவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் கைப்பையைத் திறந்து கர்ச்சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கேத்தம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

அவள் எடுக்கவில்லை.

"அக்கா," என்று சுதீர் ஓரத்திலிருந்து மெல்லக் கூப்பிட்டார்.

நாக்கின் நுனியில் அந்த முதல் சொல் தானாகவே வந்து நின்றிருந்தது. அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, மாட்டேன் என்று தலையை அசைத்து, மைக்கைத் தரையில் வைத்தாள்.

இப்போது ஒரு மூச்சு விட்டிருப்பான்.