தலைமேல் ஒரு கட்டைவிரல்

"புது தேசத்துல கண்ணைத் திறந்து வெச்சுக்கணும், இன்னொண்ணை மூடி வெச்சுக்கணும்."

விமான நிலைய வாசலில் அப்பா சொல்லி அனுப்பியது இது. அந்த இன்னொன்று எது என்று அவர் சொன்ன நேரம் பார்த்து ஏதோ ஒரு அறிவிப்பு குறுக்கே வந்துவிட்டது. கைப்பை என்றார் அண்ணன். வாய் என்றாள் தங்கை. தங்கையின் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அதில் என்ன தெரிகிறது என்று பேசுவது அவர் வேலையில்லை.

மூவருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. கதவு ஆளைப் பார்த்ததும் தானாகத் திறந்தது. குழாய் கையைக் காட்டினால்தான் ஊற்றியது. பலகைகளில் இருந்த எழுத்து கோழி கிளறிப் போட்ட மாதிரி இருந்தது. ரோட்டில் வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டே ஊர் சுற்றினார்கள்.

"படம் எடுக்கிறதுதானே உங்க தொழில், மாப்ளே" என்று அண்ணன் தன் புத்தம்புதுக் கேமராவை அவரிடம் கொடுத்திருந்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்."

பழக்கதோஷம். எல்லாப் படங்களிலும் அண்ணனும் தங்கையும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, குளத்துக்கு அடியில் நிற்பவர்கள் மாதிரி இருந்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அண்ணன் நின்ற ஒவ்வொரு படத்திலும், அவர் நெற்றிக்கு மேலே, வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கட்டைவிரல்.

ஓட்டல் அறையில் அண்ணன் கேமராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"கோபுரம், விரல். அரண்மனை, விரல். இது என்னன்னே தெரியலை, ஆனா விரல் இருக்கு. ஏன் மாப்ளே, நோயாளிங்க நெஞ்சு எக்ஸ்ரேயிலயும் இப்படித்தான் கை ரேகை வெச்சுக் குடுப்பீங்களா?"

"அது மெஷின், மச்சான். விரல் வைக்க இடமில்லை."

"இடம் இருந்தா வெச்சிருப்பாரு" என்றார் அண்ணன் தங்கையிடம். "ஹால்ல பெரிசா ஒரு படம் மாட்டணும்னு இருக்கேன். பொண்ணுக்கு வரன் பேச வர்றவங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான். தலைமேல யார் விரல்னு கேட்டா என்ன சொல்றது?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கவனிச்சியா? நீ தனியா நிக்கிற படம் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. என் தலையிலதான் விரல். உன் வீட்டுக்காரருக்கு என்மேல ஏதோ காய்ச்சல்."

அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ராத்திரி கணவரைக் கேட்டாள்.

"எங்க அண்ணன்மேல ஏதாவது மனஸ்தாபமாங்க?"

"சேச்சே."

"அப்ப ஏன் இப்படிப் பண்றீங்க?"

"நாளைக்கும் காத்து இருக்குமாம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாத மனிதரோடு எந்தத் தேசத்துக்குப் போய் என்ன பிரயோஜனம் என்று அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

கடைசி நாள், கடலுக்கு மேலே போகும் பெரிய பாலம். அண்ணன் வழக்கம்போல் குளியலறையில் ரொம்ப நேரம் இருந்து, வாரிய முடி வாரியபடி வந்திருந்தார். பாலத்தின் நடுவில் நின்று கேமராவைப் பிடுங்கித் தங்கையிடம் கொடுத்தார்.

"ஹால்ல மாட்டப் போறது இதுதான். நீயே எடு. மாப்ளே, நீங்க தள்ளி நின்னு மூச்சை மட்டும் இழுத்துக்கிட்டு இருங்க."

அவள் விரல்களை எல்லாம் பத்திரமாக மடக்கிக்கொண்டு அழுத்தினாள். திரையைப் பார்த்தாள்.

அண்ணன் கம்பீரமாக நின்றார். அவருடைய முடி மட்டும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, முன்பக்கம் மூடி திறந்த டப்பா மாதிரி செங்குத்தாக நின்றது. அதற்குக் கீழே தலை, கடலைவிடப் பளபளவென்று.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் காற்று நின்று, முடி சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

அது ஒட்டு முடி என்பது அவள் பிறந்த வீட்டைத் தாண்டாத ரகசியம். மாப்பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே அப்பா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பக்கத்தில் வந்து நின்ற கணவரிடம், உதடு அசையாமல் கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நம்ம கல்யாணத்துலயே. மேடையில ஃபேன் போட்டாங்களே."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ சொல்லலை. சரி, சொல்லக் கூடாத விஷயம் போலன்னு நானும் விட்டுட்டேன்."

"எப்படி வந்திருக்கு?" என்று அண்ணன் அங்கிருந்தே கத்தினார்.

அவள் அந்தப் படத்தை அழித்தாள்.

"என் விரலும் விழுந்துடுச்சு, அண்ணே."

"நல்ல ஜோடி. அவர்கிட்டயே குடு. மாப்ளே, இதுலயும் அந்த விரலைப் பார்த்தேன், உங்க ரிட்டர்ன் டிக்கெட்டைக் கடல்ல போட்டுடுவேன்."

அவர் கேமராவை வாங்கிக்கொண்டார். பாலத்தின்மேல் மறுபடியும் காற்று கிளம்பியது.

"மூச்சை இழுங்க, மச்சான்" என்றார். கட்டைவிரலை அதன் இடத்தில் வைத்தார்.