கருவியை நிறுத்திய மாலை

தமயந்தியின் நோய் எதிர்ப்புச் சக்தி அவளுடைய மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்கி வீங்க வைத்தது. தோளில் பொருத்திய கருவி அதை அடக்கி வைத்ததால்தான் பனியன் கம்பெனியில் தைக்க முடிந்தது. ஆனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கருவியை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் அந்தக் காய்ச்சல் அவளைத் தொற்றி உயிரையே குடித்துவிடும்.

அன்று ஓய்ந்துபோய் வந்தவள் மகள் மகிழினியின் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

“எப்பருந்து கண்ணு இப்படிக் காயுது?”

“முந்தாநாள்ல இருந்தும்மா. சொன்னா நீ அதை நிறுத்திருவ. கையெல்லாம் வீங்கிக்கும்.”

தமயந்தி கருவியை நிறுத்தினாள். விரல்கள் மடங்காமல் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மகளை முன்னால் உட்கார வைத்து, நாலைந்து நாளைக்குக் கலையாதபடி இறுக்கித் தலை பின்னிவிட்டாள்.