ஜன்னலோரம்

ரயில் ஏறியது மேட்டுப்பாளையத்திலா குன்னூரிலா என்று அம்சவல்லிக்கு இப்போது நிச்சயமில்லை. புருஷன் தீர்த்தகிரி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. அதுவரை வேலூரைத் தாண்டி அவளை எங்கும் கூட்டிப்போகாத மனிதர் அவர்.

ஜவ்வாது மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு எதற்கு ஊட்டி மலை ரயில்?

"வெளிய பாரு புள்ள. நல்லா மூச்சு இழுத்து வுடு."

அந்தப் பரிவுதான் அவளைப் பயமுறுத்தியது. சோறு இறங்கவில்லை என்று வேலூருக்குப் போனபோது, டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு இவரிடம் தனியாகப் பேசினார். அன்றிலிருந்து ஓர் அதட்டல்கூட இல்லை.

சுரங்கம் தாண்டியதும் கேட்டுவிட்டாள்.

"மறைக்காத சொல்லு மாமா. நான் சாவப் போறனா?"

"இன்னாடி பேசற?"

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

தீர்த்தகிரி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒடம்புல ஒண்ணுமில்லியாம். மனசுதான் சோர்ந்திருக்குதாம். மலைக்காத்து வாங்குனா சரியாப் பூடும்னாரு."

"நாம மலைலதான கீறோம்? அத்தச் சொல்லலியா?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நம்ம மலை ஒசரம் பத்தலியோன்னு பயந்துட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இருவரும் ஊர் திரும்பினார்கள். சாமை விதைத்தாயிற்று. அம்சவல்லி நன்றாகச் சாப்பிடுகிறாள். தீர்த்தகிரி மறுபடி அதட்டத் தொடங்கிவிட்டார். அதைக் கேட்க அவளுக்கு நிம்மதியாக இருக்கிறது.